தெப்ராவ் கிடங்கில் வெள்ளிக்கிழமைப் பெரட்டு

மலேசியாவின் தெப்ராவில் உள்ள உதிரிபாகக் கிடங்கொன்றின் கணினிச் சர்வரை ஒன்பது ஆண்டுகளாகக் கட்டிக் காத்துவருபவர் சபாபதி. ஊர் காஹாங், வயது நாற்பத்தாறு. சர்வர் அறையில் ஏர்கான் ஓயாது என்பதால், ஜொகூர் வெயிலில் இருந்துகொண்டே மூன்று ஸ்வெட்டர் போட்டுக் கிழித்தவர் என்ற சிறப்பும் இவருக்கு உண்டு.

அந்தச் சர்வர் சில வாரங்களாக வெள்ளிதோறும் மூன்று மணிக்குப் படுத்துவிடும். வெளியே லாரிகள் சரக்கேற்ற முடியாமல் நிற்கும். நான்காவது வாரம் மேலாளர் ரூபினி கூப்பிட்டார்.

"அண்ணே, இன்னொரு தடவ படுத்துச்சுன்னா சர்வர சிங்கப்பூர் கம்பெனிகிட்ட குடுத்துடச் சொல்லிட்டாங்க மேலிடத்துல. உங்க வேலையையும் சேர்த்துத்தான்."

வியாழனன்று சபாபதி சர்வரின் பதிவுகளைத் தோண்டினார். சாகும் முன் அது கடைசியாக வாங்கிய கேள்வி சாதுவாகத்தான் தொடங்கியது. ஆனால் எந்தக் கேள்வியையும் முதல் ஆயிரம் எழுத்தோடு வெட்டிப் பதிவது அதன் வழக்கம். பக்கத்தில் ஓர் எண்: 516000. இத்தனை நாளும் ஏதோ வரிசை எண் என்று விட்டிருந்தார். அது எழுத்துக் கணக்கில் கேள்வியின் நீளம். அனுப்பியவர், ஸ்டோர் மேற்பார்வையாளர் ஐயாசாமி.

கிடங்கிலிருந்த நாற்பத்து மூவாயிரம் பெட்டிகளின் எண்களையும் ஐயாசாமி வாரக் கணக்குக்காக ஒன்றுவிடாமல் தேடும் கட்டத்தில் ஒட்டி, "இருக்கிறதா?" என்று ஒரே மூச்சில் கேட்டிருந்தார். சபாபதி நேரே அவரிடம் போனார்.

"அண்ணே, 'எல்லாம்'னு ஒரு பட்டன் இருக்கே?"

"எல்லாம்னா யாரு? தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணி காலையில ஆள் எண்ணப் பெரட்டு எடுக்கிறப்ப, எல்லாரும் வந்தாச்சான்னா கேப்பாரு? வராதவனுக்கும் சேர்த்து பக்கத்துல உள்ளவன் 'ஆச்சு'ம்பான். பேர் சொல்லிக் கூப்பிடணும் லா."

சபாபதியின் அப்பாவும் அப்படியொரு பெரட்டில் நின்றவர்தான். அதனால் சபாபதி வேறு வழியாக வந்தார்.

"உங்க தோட்டத்துல எல்லா டிவிஷனுக்கும் ஒரே பெரட்டா?"

"அது எப்படி? கிராணிக்குத் தொண்டை என்னத்துக்கு ஆகும்? தனித்தனிதான்."

"இந்தச் சர்வர் கிராணிக்கும் தொண்டை அவ்வளவுதான் அண்ணே."

பெட்டி எண்களை ஐந்நூறு ஐந்நூறாகப் பிரித்து, ஒன்று முடிந்தபின் அடுத்தது போகும்படி சபாபதி அன்றே நிரல் எழுதிவைத்தார். எண்பத்தாறு டிவிஷன். ஐயாசாமி பார்வையிட்டு ஒப்புதல் அளித்தார்.

வெள்ளி, மூன்று மணி. சர்வர் படுக்கவில்லை. மூன்றே காலுக்கும் படுக்கவில்லை. ரூபினி எட்டிப் பார்த்துவிட்டு, சிங்கப்பூர் கம்பெனிக்கு எழுதிவைத்திருந்த கடிதத்தை மடித்துக்கொண்டு போனார். பிறகு ஐயாசாமியிடமிருந்து போன் வந்தது.

"தம்பி, அறுபத்திரெண்டாவது டிவிஷன்ல ஒரு பெட்டி வரல."

நிலைத்துவிட்ட வேலையின் முதல் கடமையாக, சபாபதி ஸ்வெட்டரைக் கழற்றி வைத்துவிட்டு அதைத் தேடக் கீழே இறங்கினார்.