பத்து எண்ணிய பிறகு

அந்தக் கம்பெனி தொடங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. மொத்தம் பதினோரு பேர். பத்துப் பேர் இயந்திரம் செய்தார்கள், ஒருத்தி அதற்குக் கையேடு எழுதினாள். அவளுக்கு "புக்கு" என்று பட்டப்பெயர். "புக்கு வருது, பேச்சை மாத்து" என்று அவள் காதில் விழும்படியே சொல்வார்கள். வீட்டில் அக்காவும் சளைத்தவள் இல்லை. "நீ எழுதுறத எவடி படிக்கிறா? பெட்டியப் பிரிச்சதும் குப்பைக்குத்தானே போகுது" என்பாள்.

அவளுக்கும் அங்கே ஒருவரையும் பிடிக்காது. வாயும் கொஞ்சம் நீளம். ஆனால் தன் கையால் செய்து பார்க்காத எதையும் எழுத மாட்டாள். அதனாலேயே டிசைனருக்கு அவளைக் கண்டால் ஆகாது. சொன்னதை எழுத எதற்கு இத்தனை ஆராய்ச்சி என்பது அவன் கட்சி.

பெரிய சமையலறைகளுக்கான காய் வெட்டும் இயந்திரம் அது. சுவிட்சை அணைத்து, பத்து வினாடி பொறுத்து, கதவைத் திறந்து உள்ளே துடைக்க வேண்டும். போன மாதம் அவளே செய்து பார்த்து எழுதியதுதான். அச்சுக்கு அனுப்புமுன் கடைசியாக ஒருமுறை செய்து பார்த்தாள். மோட்டார் சத்தம் அடங்கியது. பத்து எண்ணிக் கதவைத் திறந்து, வழக்கம்போல் துணியின் நுனியை மட்டும் நீட்டினாள். வெடுக்கென்று துணி பறிபோனது. உள்ளே பிளேடு சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபடி ஓட்டி அளந்தாள். நிற்க முப்பத்தெட்டு வினாடி ஆனது.

டிசைனரிடம் ஓடினாள்.

"பிரேக்க மாத்தினீங்களா?"

"சின்னதாப் போட்டேன். வெயிட் குறையுதுல்ல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நீ என்ன இன்ஜினியரா?"

சத்தம் கேட்டு முதலாளி வந்தார். பிளேடு நிற்க முப்பத்தெட்டு வினாடி ஆவதை அவரிடம் சொன்னாள். "ஏம்மா, நாப்பது வினாடின்னு போட்டா எவன் வாங்குவான்? பத்துன்னே இருக்கட்டும். அடுத்த மாடல்ல பாத்துக்கலாம்."

"துடைக்கிறவங்களுக்கு அடுத்த கை முளைக்குமா சார்?"

"வேலை வேணுமா, வேணாமா?"

அதற்குள் இயந்திரம் வாங்க வந்தவர் உள்ளே நுழைந்துவிட்டார். ஒரு விடுதியின் தலைமைச் சமையல்காரர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எங்க பொண்ணுங்கதான் தினமும் துடைப்பாங்க. எப்படின்னு காட்டுங்க" என்றார்.

டிசைனர் சிரித்துக்கொண்டே இயந்திரத்தை ஓட்டிக் காட்டிவிட்டுச் சுவிட்சை அணைத்தான். அவள் உரக்க எண்ண ஆரம்பித்தாள். முதலாளி கண்ணாலேயே எரித்தார். அவள் நிறுத்தவில்லை.

"பத்து. கையேட்டுல பத்துதான் போட்டிருக்கு. திறந்து கைய விடுங்க சார்."

கதவின் கைப்பிடியைத் தொட்ட அவன் விரல்கள் அப்படியே நின்றன. கையை விட்டிருந்தால் அவளே பிடித்து இழுத்திருப்பாள், அது வேறு விஷயம். டிசைனரின் கை மெதுவாகக் கீழே இறங்கிச் சட்டைப்பைக்குள் போய்விட்டது. சமையல்காரர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெளியே போய்விட்டார்.

"நாப்பதுன்னே போட்டுத் தொலை" என்றார் முதலாளி. "போட்டுட்டுக் கெளம்பு. நாளையிலேர்ந்து இந்தப் பக்கம் வராதே."

உட்கார்ந்து தட்டினாள். அவர் சொன்னது நாற்பது, அவள் அறுபது என்று போட்டாள். அச்செடுத்த தாளை எடுத்துப் போய் இயந்திரத்தின் கதவில் நாலு மூலையும் அழுத்தி ஒட்டிவிட்டு, அப்புறம்தான் பையைத் தோளில் மாட்டினாள்.