டிக்கெட் போடுகிறவள் கிளம்பிய கதை

டிராவல்ஸ் ஆபீஸில் டிக்கெட் போட்டுக் கொடுப்பது, பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிற வேலை. எல்லோருக்கும் ஊற்றலாம், நாம் உட்கார முடியாது. கவுண்டருக்கு உட்பக்கம் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. நீங்கள் நம்ம கட்சி.

நான் அப்போது போடியில் பி.காம். இரண்டாம் ஆண்டு. கல்லூரி மதியம் ஒன்றரைக்கு முடியும். எங்கள் ஊர் ராசிங்காபுரத்துக்கு பஸ் ஏறாமல், பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சேவியர் அண்ணன் நடத்திய டிராவல்ஸ் ஆபீஸுக்குப் போய்விடுவேன். சாயங்காலம் வரை, ஞாயிற்றுக்கிழமையென்றால் நாள் முழுக்க, பஸ் டிக்கெட், ரயில் டிக்கெட், எப்போதாவது ஒரு விமான டிக்கெட். ஊரையே கிளப்பி அனுப்பிக்கொண்டிருந்த நான் போன அதிகபட்ச தூரம் மதுரை. அதுவும் அம்மாவுக்குக் கண் காட்ட. டிகிரி முடித்தபின் எனக்கு என்ன நடக்கும் என்று வீட்டில் யாரும் பேசியதில்லை, பேச வேண்டிய அவசியமே இல்லை, மாப்பிள்ளை பார்ப்பார்கள். ஆக நாலு ஊர் பார்ப்பதானால் இப்போதே பார்க்க வேண்டும். அதற்குக் கல்லூரியைப் பாதியில் விட வேண்டும். இந்த யோசனையை என் தலையில் ஏற்றியவர்களும் இறக்கப் பார்த்தவர்களும் பெரும்பாலும் கவுண்டருக்கு வந்தவர்கள்தான்.

ஏலம்மா, வயது 45

நாகராஜ் அண்ணன் ஏலக்காய் வியாபாரி. மாதம் இரண்டு முறை ஏலக்காய் மாதிரிகளை ஒரு பையில் கட்டிக்கொண்டு வெளியூர்க் கடைகளுக்குக் கிளம்புவார். அந்தப் பையை பஸ்ஸின் டிக்கியில் வைக்கவே மாட்டார். டீசல் வாடை ஏறிவிட்டால் ஏலக்காயின் கதை முடிந்தது, கடைக்காரர் மூக்கில் வைத்ததுமே கீழே போட்டுவிடுவார். மடியில் வைத்தால் காய் நசுங்கும். அதனால் பைக்குத் தனி சீட்டு. கம்ப்யூட்டரோ பயணியின் பெயர், வயது, ஆணா பெண்ணா என்று கேட்காமல் விடாது. முதல் தடவை நான் விழித்தபோது அவர் கொஞ்சமும் யோசிக்காமல், "ஏலம்மா, நாப்பத்தஞ்சு, பொம்பளன்னு போடு. பொம்பள சீட்டுன்னா எவனும் உக்கார வர மாட்டான்" என்றார்.

ஒருநாள் புதிதாக வந்த கிளீனர் லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஏலம்மா வராமல் பஸ்ஸை எடுக்க முடியாது என்று நின்றுவிட்டான். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணன் பையைத் தட்டிக்காட்டி, "அப்பவே உக்காந்துட்டாங்கப்பு, வெரசா எடு" என்றார். நான் சிரித்துக்கொண்டே, இந்தப் பை எத்தனை ஊர் பார்த்திருக்கும் அண்ணே என்று கேட்டேன். விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் விரல்விட்டு எண்ணிவிட்டுச் சொன்னார்:

"பெங்களூரு, ஐதராபாத்து, நாக்பூரு, டெல்லின்னு இந்தப் பையி பாக்காத ஊரில்ல. எங்களுக்கெல்லாம் டிக்கெட் போடுறியே, நீ எந்தூரு பாத்த தாயி?"

குரங்கணியிலிருந்து இறங்கியவள்

அன்றிலிருந்து அந்தக் கேள்வி செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி கூடவே வந்தது. அப்போதுதான் நிவேதா வந்தாள். கோயம்புத்தூர்ப் பெண், என்னைவிட இரண்டு வயது மூத்தவள். குரங்கணி மலையில் நடந்துவிட்டு, சாக்ஸில் அட்டை கடித்த ரத்தத்தோடு இறங்கி வந்திருந்தாள். அவள் போக வேண்டிய பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் இருந்ததால் எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்து காலுக்கு உப்பு வைத்துக்கொண்டு பேசினாள். இன்ஜினியரிங்கை இரண்டாம் ஆண்டில் விட்டவள். மலையூர்களில் இளைஞர்கள் தங்குகிற விடுதிகளில் வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொண்டால் சோறும் படுக்கையும் இலவசம், அப்படியே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருப்பதாகச் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த சுவாரசியத்தில் தேனிக்காரர் ஒருவருக்குச் சென்னைக்குப் பதில் சேலத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

இமாச்சலத்தில் அவளுக்குத் தெரிந்த விடுதிக்கு அங்கேயே உட்கார்ந்து என்னைப் பற்றி ஒரு செய்தி அனுப்பினாள். பத்து நாளில் பதில் வந்தது: ஜூனில் வா, பிடித்திருந்தால் ஒரு வருஷம் இரு. ஜூனில்தான் எனக்கு மூன்றாம் ஆண்டு தொடங்குகிறது. படிப்பு என்ன ஆவது என்று நிவேதாவிடமே போனில் கேட்டேன். அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"டிகிரி எங்கீங்க ஓடிப் போகுது? முட்டி வலி வந்ததுக்கப்புறம் மலை ஏற முடியாதுங்க."

பஸ் ஏறாத முதலாளி

டி.சி. வாங்கிவிடுவது என்று தீர்மானித்து, முதலில் சேவியர் அண்ணனிடம் சொன்னேன். சேவியர் அண்ணனைப் பற்றி ஒரு விஷயம் தெரிய வேண்டும். ஊரெல்லாம் பஸ் விடுகிற ஆபீஸ் நடத்தும் அவரால் பஸ்ஸில் போக முடியாது. ஏறினால் வாந்தி. எலுமிச்சம்பழம், புளிப்பு மிட்டாய், அடியில் மடித்துப் போட்டு உட்காரும் பேப்பர் எதுவும் பலிக்காது. மூணாறில் பெண் பார்க்கக் கிளம்பிய அன்று போடிமெட்டு மலைப்பாதையில் ஏழாவது வளைவோடு இறங்கிக்கொண்டு, பெண் வீட்டாரையே கீழே வரச் சொன்னவர். அவர்களும் வந்தார்கள், கல்யாணமும் நடந்தது. உட்கார்ந்த இடத்துக்கே எல்லாம் வரும் என்று அவர் நம்புவதற்கு இதுதான் காரணம்.

நான் சொன்னதும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு அரைமணி நேரம் பேசினார். பர்ஸ் தொலைத்தவர்கள், ரயிலில் இறங்க வேண்டிய ஊரைத் தூக்கத்தில் தாண்டிப் போனவர்கள் என்று எங்கள் ஆபீஸில் டிக்கெட் வாங்கிக் கெட்டவர்கள் எல்லோரையும் வரிசையாகச் சொன்னார். ஆள் போய்விட்டால் ஆபீஸை யார் பார்ப்பது என்ற கவலையும் அதில் இருந்தது, எனக்குப் புரியாமல் இல்லை. கடைசியில் தன் கைவசம் இருந்த பெரிய நியாயத்தை எடுத்தார்.

"ஒலகம் பூரா சுத்துனவனும் கடைசியில எறங்குறது நம்ம ஆபீஸு வாசல்லதான் பாப்பா. நீ இங்கதான இருக்க, எதுக்கு அம்புட்டுத் தூரம் சுத்தி இங்கயே வரணும்?"

பிஜய்

எங்கள் ஊரில் "மேலே" என்றால் மலைக்கு அந்தப் பக்கம், கேரளா. மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை பார்த்தவன் பிஜய். ஜார்கண்ட்காரன், என் வயது. தோட்டத்தில் காதில் விழுந்த தமிழையும் மலையாளத்தையும் ஒன்றாகக் கலந்து பேசுவான். ஞாயிற்றுக்கிழமை அரிசி, பருப்பு வாங்க போடிக்கு இறங்கும்போதெல்லாம் ஊருக்கு ரயில் டிக்கெட் கிடைத்ததா என்று வந்து நிற்பான். பண்டிகை நெருங்கினால் அவன் ஊர்க்காரர்கள் எல்லோரும் அதே ரயிலுக்குத்தான் கேட்பார்கள். வெயிட்டிங் லிஸ்ட் நகரவே நகராது. இன்னும் ஆகவில்லை என்று வாராவாரம் சொல்கிற வேலை எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சந்தோஷத்தில் மிதந்துகொண்டிருந்தேன். காலேஜை விட்டுவிட்டு ஊர் பார்க்கப் போகிறேன் என்று அவனிடமும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நீங்க குடுத்து வச்சவரு, இந்த வயசிலயே இம்புட்டுத் தூரம் வந்துட்டீங்க என்றும் சொல்லிவைத்தேன். அவனுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாகப் போனது. அவனும் கல்லூரியில் முதல் வருஷம் படித்தவனாம். கடலைப் பார்த்ததில்லை. தெற்கே கடல் பக்கம் வேலை இருக்கிறது என்று ஆள்பிடிப்பவர் ஒருவர் சொன்னதை நம்பி, படிப்பை விட்டுவிட்டுக் கூட்டாளியோடு ரயில் ஏறியிருக்கிறான். கொண்டுவந்து இறக்கியது மலையில். இரண்டு வருஷமாகக் கடலும் பார்க்கவில்லை, வீடும் பார்க்கவில்லை.

"நீங்க போங்க சேச்சி, நல்லதுதான். ஆனா ஊரு பாக்குற ஆளு திரும்பி வர்ற டிக்கெட்டும் போட்டுட்டுதான் போறாங்க. எனக்குப் போற டிக்கெட் மட்டும்தான் போட்டாங்க."

தினமும் மாநிலம் தாண்டுகிறவள்

டி.சி. வாங்கும் எண்ணத்தை அன்றைக்கே விட்டேன். போகும் எண்ணத்தை விடவில்லை. கல்லூரியில் விசாரித்தால், ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பச் சேர்ந்துகொள்ள ஒரு வழி இருந்தது. 'பிரேக்' என்பார்கள். அதற்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். எங்கள் வீட்டில் அப்பா கையெழுத்துப் போடுவார், அம்மா சம்மதித்தால்.

அம்மா ஏலக்காய் பறிக்கப் போகிறவள். விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப்பில் ஏறி, இன்னும் பத்துப் பன்னிரண்டு பெண்களோடு நெருக்கியடித்துப் பதினேழு வளைவு தாண்டி மேலே போவாள். நாளெல்லாம் செடியடியில் குனிந்தே இருந்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவாள். ஒரு வாரம் ஒத்திகை பார்த்த பேச்சை, அவள் கைக்கறையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒப்பித்தேன். வயசு, இளமை, உலகம் என்று நான் சொன்ன எதுவும் அவள் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. "காலேசு?" என்று மட்டும் கேட்டாள். திரும்பி வந்து படிப்பேன் என்றேன். கையைத் துடைத்துவிட்டு, தினசரிக் காலண்டரிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என் முன்னால் வைத்தாள்.

"தெனமும் நான் கேரளாவுக்குப் போயிட்டு வர்றேன், என்னைய எவளும் ஊரு சுத்துறவன்னு சொன்னதில்ல. நீ போறதுன்னா போ ஆத்தா. திரும்ப வந்து மிச்சத்தப் படிச்சு முடிக்கிறேன்னு இதுல எழுதிக் குடுத்துட்டுப் போ."

பாரத்தில் இல்லாத காரணம்

கல்லூரி ஆபீஸில் ஹெலன் மேடத்திடம்தான் பிரேக்குக்கான விண்ணப்பப் பாரம் வாங்க வேண்டும். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் மூன்றாம் ஆண்டுக்காரிகளே வந்த காரியத்தை மறந்துவிடுவார்கள். பாரத்தில் காரணம் என்ற இடத்தில் நான்கு கட்டங்கள் இருந்தன: உடல்நிலை, திருமணம், மகப்பேறு, குடும்பச் சூழல். நான் எதிலும் சேரவில்லை. குடும்பச் சூழல் என்று போட்டுவிடு, யாரும் கேட்க மாட்டார்கள் என்றார் மேடம். எனக்குப் பயம்தான். ஆனால் பொய் எழுதிவிட்டுப் போனால் திரும்பி வந்து இவர் முகத்தைப் பார்க்க முடியாது என்று தோன்றியது. கட்டங்களுக்குக் கீழே இருந்த கொஞ்சம் இடத்தில் 'ஊர் பார்க்க' என்று எழுதிக் கொடுத்தேன்.

மேடம் அதை இரண்டு முறை படித்தார். எழுந்து பிரின்சிபால் அறைக்குப் போனார். அரைமணி நேரம் நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வந்தபோது பாரத்தில் சீல் இருந்தது. உள்ளே என்ன பேசினார் என்று அவர் சொல்லவில்லை. பாரத்தைக் கோப்பில் குத்திக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"கல்யாணம்னு டிக் அடிச்சிட்டுப் போன பிள்ளைங்க எத்தனையோ பேரு, ஒருத்திகூடத் திரும்பி வந்து இந்த வாசல்ல நிக்கல. நீயாவது வா ஜோதி."

ஒரு வருஷம் கழித்து

நான் கிளம்புகிற வாரம் பிஜயின் டிக்கெட் உறுதியானது. அந்த ஆபீஸில் நான் அவ்வளவு சந்தோஷமாக வேறு எந்த டிக்கெட்டையும் அடித்துக் கொடுத்ததில்லை. திரும்பி வருகிறதும் சேர்த்துப் போடவா என்று கேட்டேன், வேண்டாம் சேச்சி என்றான். அதற்கு அடுத்த டிக்கெட் எனக்கு நானே போட்டது. போவதற்கு ஒன்று, அடுத்த வருஷம் வருவதற்கு முன்பதிவு இன்னும் திறக்காததால் காலண்டர் தாளில் அம்மாவிடம் எழுதிக் கொடுத்தது ஒன்று.

இமாச்சலத்திலும் எனக்குக் கவுண்டர்தான் கிடைத்தது என்பதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. சாவி கொடுப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது, பஸ் எப்போது என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வது. ஆனால் வேலை முடிந்தபின் கதவைத் திறந்தால் வெளியே மலை நின்றது. அம்மா கட்டிக் கொடுத்த ஏலக்காயை விடுதிச் சமையல்காரர் முகர்ந்துவிட்டு, அன்றிலிருந்து தன் டீயை என்னையே போடச் சொல்லிவிட்டார். முதல் பனி விழுந்த அன்று வெறுங்கையில் அள்ளிக்கொண்டு நின்று அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வந்ததில்லை. இன்னொரு வருஷம் இருக்கச் சொன்னார்கள். இருக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் மே மாதக் கடைசியில் ரயில் ஏறிவிட்டேன்.

ஜூன் முதல் வாரம் ஹெலன் மேடத்தின் முன்னால் போய் நின்று, திரும்பச் சேர வேண்டும் மேடம் என்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். மேசை இழுப்பறையைத் திறந்தார், மூடினார். ஒரு பீரோவைத் திறந்தார், பிறகு இன்னொரு பீரோவை. தூசியில் தும்மிக்கொண்டு கட்டுக் கட்டாகக் காகிதங்களைத் தரையில் இறக்கிப் போட்டுத் தேடினார். நானும் உட்கார்ந்து தேடினேன். அவர் கண் கலங்கியிருந்தது, தூசிதான் என்று சொல்லிக்கொண்டார்.

"நின்னு போறதுக்கு உள்ள பாரம் எந்நேரமும் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்மா. திரும்பிச் சேர்றதுக்கு உள்ளத எங்க வச்சேன்னே தெரியல, இதுவரைக்கும் ஒருத்தியும் வந்து கேட்டதில்லையே."

இப்போது என்னைவிட ஒரு வயது சின்னப் பிள்ளைகளோடு ஐந்தாம் செமஸ்டர் படிக்கிறேன். அவர்கள் என்னிடம் பாடத்தில் சந்தேகம் கேட்பதில்லை, இமாச்சலத்துக்கு எந்த ரயில், பிரேக் பாரத்தில் என்ன எழுத வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள்.