கால் மட்டும் வெளியே

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். எழுத்துப்பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை தூக்கப் போனவன் நான். நேரில் கேட்டால் கூச்சத்தில் வாய் திறக்க மாட்டேன். தொண்டையில் புற்று என்று கேட்டுப் பயந்து உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

நானும் என் மனைவி செல்வராணியும் மோர்மன் என்ற கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்கள். திண்டுக்கல்லில் எங்களுக்குத் தெரிந்து வேறு குடும்பம் இல்லை. மாதம் ஒருமுறை கோயம்புத்தூர் சபைக்கு பஸ் ஏறுவோம். மற்ற ஞாயிறுகளில் சபை அனுமதியோடு வீட்டிலேயே அப்பம் பிட்டு ஜெபிப்போம்.

அந்த ஜெபத்தை ஆண்தான் சொல்ல வேண்டும். ஒரு வார்த்தை பிசகினாலும் திரும்பச் சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் குடும்பத்திலிருந்து முதலில் இதில் சேர்ந்தவள் அவள்தான். நான் அவள் பின்னால் வந்தவன். ஆனாலும் சொல்வது நான். மனப்பாடமாகத் தெரிந்த அவள் என் பிழையைத்தான் திருத்தலாம்.

ஒரு ஞாயிறு பாதி ஜெபத்தில் குரல் காற்றாகப் போனது. மறுபடி ஆரம்பித்தேன். மறுபடியும் போனது. மார்க்கெட்டில் இது யாருக்கும் தெரியவில்லை. அங்கே நான் பேசுவதே கிடையாது. செல்வராணிதான் என்னை மதுரைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். பயாப்சி (சதையில் துளி எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். குரல்வளையில் புற்று.

“ஆரம்பம்தான். கதிர்வீச்சுல சரி பண்ணலாம், குரலும் தப்பிக்கும்” என்றார் டாக்டர். “நடுவுல விட்டுட்டு ஓடக் கூடாது. அப்புறம் ஆபரேஷன்தான். குரல்வளையையே எடுக்க வேண்டியிருக்கும்.”

கதிர்வீச்சு (கத்தி இல்லாமல் கதிரால் புற்றைச் சுடுவது) வலிக்காது. ஆனால் முகமூடியைப் பற்றி உங்களுக்கு யாராவது முன்பே சொல்ல வேண்டும். வலை போன்ற பிளாஸ்டிக்கை வெந்நீரில் இளக்கி, முகத்திலும் தோளிலும் அழுத்தி அச்செடுப்பார்கள். அது இறுகியதும் தினமும் அதை மாட்டி, மேசையோடு பூட்டிவிடுவார்கள். எச்சில் விழுங்கினால் தொண்டை அதில் முட்டும். கண்ணைத் திறந்தால் இமை உரசும். எல்லோரும் வெளியே போய்க் கனத்த கதவைச் சாத்துவார்கள்.

முதல் நாளே உதறி எழப் பார்த்தேன். மெஷினை நிறுத்தி, பூட்டைக் கழற்றி வெளியே விட்டார்கள்.

வராந்தாவில் என் அக்கா பிளாஸ்கோடு காத்திருந்தாள். “செத்த காபி குடிச்சாத் தெம்பா இருக்கும்லப்பா. அதையும் குடிக்க விடாத சாமி என்ன சாமியோ!”

“எனக்கும் ஆசையாத்தான் இருக்கு மதினி. மூடி வைங்க, வாசம் வருது” என்றாள் செல்வராணி.

நான் அவளிடம் மெதுவாகச் சொன்னேன். “இனிமே வரலை. குரல் போனாப் போகட்டும். நான் பேசி என்ன ஆகப்போகுது?”

“நீங்க பேசலைன்னா அப்பத்துக்கு யாரு ஜெபம் சொல்றது? நானா சொல்ல முடியும்? எம்புட்டுத் தெரிஞ்சாலும் நான் வாயைத் திறக்கக் கூடாதுல்ல?”

அவள் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷமாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமை என் தொண்டைக்குள் மாட்டிக்கிடந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கோயம்புத்தூர் சபைப் பெரியவருக்குப் போன் செய்தாள். நோயாளியின் தலையில் எண்ணெய் தொட்டு, கைவைத்து ஆசீர்வதிக்கும் அதிகாரமும் எங்கள் சபையில் ஆண்களுக்குத்தான்.

“சனிக்கிழமை வந்துர்றோமுங்க.”

“அதுவரைக்கும் நான் கை வைக்கட்டுமா? அந்தக் காலத்துல நம்ம சபைப் பொம்பளைகளே நோயாளிக்கு எண்ணெய் தொட்டுக் கைவச்சு ஜெபிச்சாங்கன்னு அங்க உள்ள சிஸ்டர் ஒருத்தங்க சொன்னாங்களே?”

“அப்புறம் அது நின்னு போச்சுங்க சிஸ்டர். நீங்க ஜெபம் பண்ணுங்க, தாராளமா. தலைல கை வைக்கிறத மட்டும் நாங்க வந்து பண்றோமுங்க.”

போனை வைத்துவிட்டு, “நாளைக்குப் போறோம்” என்றாள் என்னிடம்.

மறுநாள் முகமூடி மாட்டும்வரை கூட இருக்கிறேன் என்று கெஞ்சினாள். மெஷின் ஓட்டும் பெண் விட்டாள். பூட்டு விழுந்தது. மூச்சு முட்டியது. அப்போது என் இரண்டு பாதங்களையும் யாரோ இறுக்கிப் பிடித்தார்கள்.

“தலைதானே அவங்களுக்கு? இது எனக்கு” என்றாள் செல்வராணி. பிறகு வாய்விட்டு ஜெபித்தாள். மனப்பாட ஜெபம் இல்லை. “ஆண்டவரே, இந்த மனுசன் பயந்தாங்கொள்ளி. ஓடிப்போகாமப் பிடிச்சுக்கோங்க” என்று என்னென்னவோ.

“அக்கா, வெளிய போகணும்” என்றாள் மெஷின் பெண்.

“ஆமென் சொல்லிட்டு வாரேம்மா.”

கதவு சாத்தியது. மெஷின் சுற்றியது. நான் அசையவில்லை.

சனிக்கிழமை பெரியவர்கள் இருவர் வந்து எண்ணெய் தொட்டு ஆசீர்வதித்தார்கள். அதுவும் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. “நான் கால்ல கை வச்சேன்” என்று செல்வராணியே சொன்னாள். மூத்தவர் எண்ணெய்க் குப்பியின் மூடியைத் திருகியபடி, “நல்லதுங்க” என்றார்.

முழு சிகிச்சையும் முடித்தேன். கடைசியில் கழுத்துத் தோல் கருகி உரிந்தது. கஞ்சிகூட முள்ளாக இறங்கியது. பேசக் கூடாது என்றார்கள். அந்த ஞாயிறுகளில் எங்கள் வீட்டில் அப்பம் இல்லை. “இன்னைக்கு ஒருநா நீயே சொல்லு” என்று கையால் ஜாடை காட்டினேன். தலையாட்டி மறுத்தாள். பாட்டு மட்டும் பாடிவிட்டு எழுந்துபோனாள். பூட்டிவைக்க ஒரு முகமூடிதான் வேண்டுமென்பதில்லை.

புற்று இப்போது இல்லை என்கிறார்கள். குரல் அரைகுறையாக வருகிறது. சட்டைக் காலர் பட்டால் கழுத்து இன்னும் மேசையைத் தேடுகிறது. முன்பு உடம்பு முழுக்க நான் என்றிருந்தேன். இப்போது கழுத்துக்கு மேலே ஆஸ்பத்திரி, பாதம் அவளுடையது, நடுவில் இருக்கும் கொஞ்சம்தான் நான். வாரத்துக்கு ஏழு நாள் என்பதும் போய்விட்டது. அவளுக்காகக் குரலைச் சேர்த்துவைக்கும் நாட்கள், அதை அப்பத்து ஜெபத்தில் செலவழிக்கும் ஒரு ஞாயிறு, அவ்வளவுதான்.

இதை எழுதி முடித்தது மார்கழி மாதம், சனிக்கிழமை.