முப்பத்தாறு படமும் புறாதான்

கெய்ரோவில் எங்கள் ஷுப்ரா பேட்டையில் டிராம் கண்டக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்டி முழங்கை நீளத்துக்கு, தூரத்தைக் கிட்டக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸ் வாங்கிய கண்டக்டர் என் தம்பி ஷவ்கி ஒருவன்தான். கேமரா ரஷ்யாவில் செய்தது. லென்ஸ் யாரோ ஜப்பான்காரன் செய்தது, அத்தபா சந்தையில் பழைய சாமான் கடையில் கிடைத்தது. ஜாடி ஒரு வீட்டுது, மூடி ஒரு வீட்டுது என்று நான் கேலி செய்வேன்.

"மரை பொருந்துதுல்ல? அப்புறம் என்னக்கா?" என்பான்.

அவனுக்குப் புறாப் பைத்தியம். டூட்டி முடிந்ததும் எங்கள் மொட்டைமாடிச் சுவரில் லென்ஸை முட்டுக்கொடுத்து, எதிர்மாடியில் ஹாஜி மித்வல்லியின் புறாக்கூண்டையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வளையத்தைத் திருகிக் குறிபார்த்து, இன்னொன்றைத் திருகி வெளிச்சத்தைக் குறைப்பதற்குள் பாதிப் புறா பறந்துவிடும். ஹாஜியின் மகள் நவாலைத்தான் அவனுக்கு நிச்சயம் செய்திருந்தோம். அந்த வீட்டுப் பெண்கள் துணி உலர்த்துவதும் அதே மாடியில்தான். இது அந்த மடையனுக்கு உறைக்கவே இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு ஹாஜி எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார். கையில் நிச்சய மோதிரம்.

"இன்ஷிரா! உன் தம்பி குழாய வச்சு என் வீட்டுப் பொம்பளைங்கள நோட்டம் விடுறான்னு தெருவே சிரிக்குது. இந்தா, புடி!"

ஷவ்கிக்கு முகம் வெளுத்துவிட்டது. "அல்லா மேல சத்தியமா புறாவத்தான் எடுத்தேன் மாமா. ஃபிலிம் இன்னும் கேமராவுக்குள்ளதான் இருக்கு."

"அப்ப கழுவு. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

ஒரே ஒரு படத்தில் ஒரு முக்காட்டு நுனி தெரிந்தாலும் கல்யாணம் போச்சு. நவால் மேல் உயிரையே வைத்திருந்தான் பாவி.

தெருமூலை போட்டோ ஸ்டுடியோவின் வாசலில் ஹாஜி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். மாலையில் படங்கள் அவர் வீட்டு மேசைமேல் பரப்பப்பட்டன. நவாலும் அவள் அம்மாவும் கதவோரம் நின்றார்கள்.

முதல் படம் புறா. இரண்டாவது புறா. மூன்றாவதில் புறாவுக்குப் பின்னால் வெள்ளையாக ஏதோ கலங்கித் தெரிந்தது.

"இது என்னடா?"

"தூரத்துல இருக்கறது கலங்கிடும் மாமா. அது... கொடியில காயுற உங்க உள்சட்டை."

நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! ஹாஜி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "அட, இது நம்ம சாம்பலு! கழுத்தச் சிலுப்புறதப் பாரேன்! இந்த அழக நானே பாத்ததில்லையே!" பத்தாவது படத்தில் கோபம் காணாமல் போனது. முப்பத்தாறாவதில் ஷவ்கியைக் கட்டிப்பிடித்து, "தங்கமான பையன்யா!" என்றார். அப்பாடா என்று நான் மோதிரத்தை எடுத்து நீட்டினேன்.

"இருக்கட்டும் அண்ணி, நீங்களே வச்சுக்குங்க," என்றாள் நவால்.

எல்லோரும் திகைத்துப் போனோம்.

"முப்பத்தாறு படத்துல ஒண்ணுலயாவது நான் இருக்கேனா? நாலு மாசமா காஞ்ச துணியவே திரும்பத் திரும்ப நனச்சு உலத்துறேன்! பெருநாளுக்குத் தச்ச உடுப்பப் போட்டுக்கிட்டு! இவரு கண்ணுக்குப் புறாதான் தெரிஞ்சுதாம்!"

ஷவ்கி காது மடல் வரை சிவந்து, தரையைப் பார்த்தபடி சொன்னான்:

"உன்னப் பாக்கணும்னா கதவத் தட்டிட்டு வருவேன் நவால். அதுக்கு எதுக்குக் குழாய்?"

அவள் மோதிரத்துக்காக என் பக்கம் கையை நீட்டினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

ஹாஜி தொண்டையைக் கனைத்தார். "தட்டு, தட்டு. ஆனா நான் வீட்ல இருக்கறப்போ தட்டு."