இன்சோலில் எழுதிய வானிலை

எனக்குப் பொறுமை கம்மி. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில், தோலைத் தரம் பிரிக்கிற மேஜையில் பதினோரு வருஷமாக நிற்கிறேன். அந்த வேலைக்கு ரொம்பப் பொறுமை வேண்டும் என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அதெல்லாம் ஒன்றும் வேண்டாம். தோலை வெளிச்சத்தில் விரித்துக் கண்ணை ஒரு ஓட்டு ஓட்ட வேண்டும். ஃபஸ்ட், செகண்ட், தேர்ட், ரிஜெக்ட் என்று நாலில் ஒன்றைச் சொல்லிவிட்டு அடுத்ததை இழுக்க வேண்டும். நின்று யோசித்தால் மேஜையில் தோல் குவிந்துவிடும். இப்படிப்பட்ட என்னிடம்தான் என் தங்கை வந்து மாட்டிக்கொண்டாள்.

அவளுக்கு விமானம் ஓட்ட வேண்டும். பிளஸ் டூவில் ஆரம்பித்த ஆசை, பிசிக்ஸ் டிகிரி வாங்கிய பிறகும் போகவில்லை. விமானி லைசென்ஸுக்கு எழுத வேண்டிய பரீட்சைகளில் மற்றதையெல்லாம் முடித்துவிட்டாள். வானிலைப் பேப்பர் மட்டும் இரண்டு தடவை காலை வாரிவிட்டது. அவளுக்கு இடம் கொடுத்திருந்த பயிற்சிப் பள்ளியோ, எல்லாப் பேப்பரும் தேறியவர்களைத்தான் அடுத்த பேட்ச்சில் சேர்ப்போம் என்று கறாராகச் சொல்லியிருந்தது. இன்னொரு பக்கம், நாட்றம்பள்ளியில் ஒரு ஸ்கூலில் பிசிக்ஸ் டீச்சர் வேலை தயாராக இருந்தது. எங்கள் அம்மா வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்; எதையும் சுருக்கமாகச் சொல்கிறவள். இந்தத் தடவை தேறினால் விமானம், இல்லாவிட்டால் நாட்றம்பள்ளி பஸ் என்று சொல்லிவிட்டாள். தங்கை தலையாட்டினாள். தலையாட்டும்போது அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன். 

அவள் படிக்காதவள் என்று நினைத்துவிட வேண்டாம். படித்துப் படித்தே கெட்டாள். புத்தகம் முழுக்க மஞ்சள் மார்க்கர் அடித்து வைத்திருந்தாள். மஞ்சள் படாத வரியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு சாயங்காலம் புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டு, மிஸ்ட்டுக்கும் ஃபாக்குக்கும் என்னடி வித்தியாசம் என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள்.

"தெரியும்க்கா. இடதுபக்கம் மேல, படத்துக்குக் கீழ இருக்கும்."

பக்கம் தெரிகிறது, படம் தெரிகிறது, பதில் மட்டும் தெரியவில்லை. எனக்கு வந்ததே ஒரு கோபம்! விமானம் ஓட்டும்போது புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொள்ளப் போகிறாயா என்று எகிறினேன். அவளும் பதிலுக்கு எகிறினாள். அடுத்த ஒரு மணி நேரம் அவள் மொட்டை மாடியில், நான் அடுப்படியில்.

அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்கு என் பழைய வளையம் ஞாபகம் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வளையத்தில் கோத்த அட்டைகளைக் கையில் கொடுத்திருந்தார்கள். முன்பக்கம் ஒரு துண்டுத் தோல் ஒட்டியிருக்கும். பின்பக்கம் அதில் இருக்கிற குறையின் பெயர்: உண்ணி கடித்தது, முள் கீறியது, உரிக்கும்போது கத்தி பட்டது. தோலைப் பார்த்து வாயால் பெயரைச் சொன்ன பிறகுதான் அட்டையைத் திருப்ப வேண்டும். ஒரே மாதத்தில் மண்டையில் ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை. வானிலையையும் அப்படி ஏற்றினால் என்ன?

அட்டைக்கு எங்கே போவது என்று யோசிக்கவே இல்லை. எங்கள் கட்டிங் செக்‌ஷனில் அளவு மாறி வெட்டிய இன்சோல் ஒரு மூட்டை கிடந்தது. இன்சோல் என்றால் ஷூவுக்குள்ளே பாதத்துக்கு அடியில் வருகிற அட்டை. கெட்டியாக இருக்கும், எழுதினால் மசி ஊறாது. சூப்பர்வைசரிடம் கேட்டேன். எதற்கு என்றார். தங்கை விமானம் ஓட்டுவதற்கு என்றேன். சிரித்துக்கொண்டே கேட் பாஸ் எழுதினார். காரணம் என்ற இடத்தில் 'படிப்பு' என்று போட்டார். வாசலில் வாட்ச்மேன் அந்தச் சீட்டை ஒரு தடவை பார்த்தார், மூட்டையை ஒரு தடவை பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார்.

வீட்டில் அம்மாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. பாதத்தில் போடுகிற பொருளில் எழுத்தை எழுதுவதா என்றாள். இது யார் காலையும் பார்க்காத அட்டை என்று எவ்வளவோ சொன்னோம். சரி சரி என்றாளே தவிர, ஒரு இன்சோல் சறுக்கி அவள் காலில் பட்டால் சட்டென்று எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். அந்த மாதம் அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்ட மேகங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

நான் கம்பெனியிலிருந்து வந்து காபி குடித்ததும் இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்துவிடுவோம். அவள் எழுதுவாள், நான் சரிபார்ப்பேன். முதல் நாள் ஒரே இன்சோலில் குதிகாலிலிருந்து கட்டைவிரல் வரை இடிமேகத்தின் வரலாற்றையே எழுதிவிட்டாள். ரிஜெக்ட் என்று தூக்கிப் போட்டேன். ஒரு பாதம், ஒரு கேள்வி, ஒரு வரிப் பதில், அதுதான் சட்டம். அவளுக்குப் பேஜாராகத்தான் இருந்தது. ஆனால் ஒரு பக்கத்தைப் பத்துக் கேள்வியாக உடைக்க வேண்டுமென்றால் அந்தப் பக்கம் புரிந்திருக்க வேண்டும் அல்லவா? எழுதும்போதே பாதி படிப்பு முடிந்தது. பார்வை ஆயிரம் மீட்டருக்குக் கீழே போனால் என்ன பெயர்? ஃபாக், அதாவது மூடுபனி; ஆயிரத்துக்கு மேலே என்றால் மிஸ்ட். அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் பறந்தால் உயரமானி எப்படிக் காட்டும்? இருப்பதைவிட உயரமாகக் காட்டும், ஏமாந்தால் தரையில் மோத வேண்டியதுதான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால் காற்றழுத்தம் குறைந்த இடம் எந்தப் பக்கம்? நம் நாட்டில் இடது பக்கம். அந்தக் கேள்வியை வேண்டுமென்றே இடது கால் இன்சோலில் எழுதினோம். மொட்டை மாடியில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, இடது கையை நீட்டி, அதோ அங்கே கம்மி என்று கத்துவாள். எதிர்வீட்டுக்காரர் தன் வீட்டில்தான் ஏதோ கம்மி என்று நினைத்துக்கொண்டார்.

கம்பெனிக்கும் கொஞ்சம் கொண்டுபோவேன். என் மேஜைத் தோஸ்த் ஒருத்தி, பேரணாம்பட்டிலிருந்து வருகிறவள், சாப்பாட்டு நேரத்தில் என்னைக் கேள்வி கேட்பாள். பிரியாணி டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஆலங்கட்டி எந்த மேகத்திலிருந்து விழும் என்று அதட்டுவாள். தப்பாகச் சொன்னால் கறித்துண்டு கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, எனக்கே வானிலை நன்றாக வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில்கூட நான் இவ்வளவு சந்தோஷமாகப் படித்ததில்லை.

வீட்டில் நாலு ஷூ பெட்டி வைத்தேன். எல்லாம் என் மேஜை மாதிரியே. தெரியவே தெரியாதது ரிஜெக்ட், தட்டுத்தடுமாறிச் சொன்னால் தேர்ட், யோசித்துச் சொன்னால் செகண்ட். மூன்று நாள் தொடர்ந்து கேட்டதும் பளிச்சென்று சொன்னால் ஃபஸ்ட். ஃபஸ்ட் பெட்டி நிறைய நிறைய எனக்குத் தலைகால் புரியவில்லை. நிறைந்த பெட்டிக்கு மூடி போட்டு, டேப் ஒட்டி, பீரோ மேல் ஏற்றினேன். இப்படி மூன்று பெட்டி ஏறியது.

பரீட்சைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அவள் போய்க்கொண்டிருந்த கோச்சிங் வகுப்பில் ஒரு மாதிரித் தேர்வு வைத்தார்கள். தேற எழுபது வேண்டும். ஐம்பத்தெட்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. வாய்க்கு வந்தபடி கத்தினேன். இவ்வளவு பாடுபட்டும் இப்படியா என்றேன், நாட்றம்பள்ளிக்குத்தான் நீ லாயக்கு என்றுகூடச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் தப்பான கேள்விகளை எழுதிவைத்த தாளை என்னிடம் நீட்டினாள்.

பார்த்தால் எல்லாமே சுலபமான கேள்விகள். கஷ்டமானதையெல்லாம் சரியாகப் போட்டிருக்கிறாள். மிஸ்ட்டையும் ஃபாக்கையும் மாற்றிப் போட்டிருக்கிறாள். முதல் வாரமே பளிச்சென்று சொன்ன கேள்விகளாயிற்றே இதெல்லாம் என்று மேலே பார்த்தேன். பீரோ மேல் டேப் ஒட்டிய மூன்று பெட்டி.

அப்போதுதான் உறைத்தது. எங்கள் மேஜையில் ஃபஸ்ட் என்று சொல்லிவிட்டால் அந்தத் தோல் திரும்பி வராது. கட்டிங்குக்குப் போய்விடும், ஷூவாகிக் கப்பல் ஏறிவிடும், அதன் தரமும் மாறாது. படிப்பு தோல் இல்லையே. ஒரு மாதம் யாரும் கேட்காத பதில் எங்கே போய் நிற்கும்? அவள் மறக்கவில்லை, நான்தான் டேப் போட்டு மறக்கவைத்திருக்கிறேன். அவ்வளவு கத்திவிட்டு அதை எந்த முகத்தோடு சொல்வது? ஆனாலும் சொன்னேன். தப்பு என்னுதுடி என்றேன். அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவளோ ஸ்டூலைப் போட்டு ஏறி, பெட்டிகளை இறக்கி, டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தாள்.

அம்மா டியூட்டி முடிந்து ரயிலில் வந்து இறங்கியவள், இரண்டு பேரும் இன்சோலுக்கு நடுவே உம்மென்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நல்லாய்ட்டு வீட்டுக்குப் போன பேஷண்ட்ட அத்தோட வுட்டுர்றமா? ஒரு வாரம் கழிச்சு வா, ஒரு மாசம் கழிச்சு வான்னு ரிவியூ சீட்டு எழுதித் தர்றமே, எதுக்கு? நல்லாய்ட்டான்னு நாம சொன்னது நெசந்தானான்னு பாக்கத்தான்."

ஊர் ஊராக ஜனம் ரிவியூவுக்கென்றே வேலூருக்கு ரயிலேறி வருவதை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிற எனக்கு இது தோன்றவில்லை பாருங்கள்!

அன்றைக்கே ஷூ கம்பெனி ஆஸ்பத்திரியாக மாறியது. தெரியாத இன்சோல் அட்மிட். காலையும் சாயங்காலமும் பார்ப்போம். சரியானால் டிஸ்சார்ஜ். ஆனால் குதிகாலில் பென்சிலால் ரிவியூ நாள் எழுதுவோம்: முதலில் இரண்டு நாள் கழித்து, அப்புறம் நாலு நாள், அப்புறம் ஒரு வாரம். ரிவியூவில் தடுமாறினால் தயவுதாட்சண்யம் இல்லாமல் மறுபடி வார்டு. அம்மாவே வந்து ரவுண்ட்ஸ் எடுப்பாள். இந்த மூடுபனிக்கு இன்னும் காய்ச்சல் விடல, வார்டுலயே இருக்கட்டும் என்பாள். தங்கை சிரித்துச் சிரித்துப் புரையேறிப்போவாள். பரீட்சைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து பார்த்தபோது வார்டில் ஆறே ஆறு பேர்தான் இருந்தார்கள்.

சென்னைக்குப் போய் எழுதிவிட்டு வந்தாள். எப்படி என்று கேட்டதற்கு, தெரியல என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு ரிசல்ட் வரும்வரை இருந்த நாட்கள் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. இதற்கு நடுவில் நாட்றம்பள்ளி ஸ்கூலிலிருந்து இரண்டு தடவை போன் வந்தது. இரண்டு தடவையும் அம்மாதான் எடுத்து ஏதோ சொல்லிச் சமாளித்தாள்.

கம்பெனிக்குள் போன் வைத்துக்கொள்ளக் கூடாது, எல்லாம் லாக்கரில். அதனால் அன்றைக்கு அவள் ஆபீஸ் நம்பருக்கே அடித்துவிட்டாள். சூப்பர்வைசர் வந்து என்னைக் கூப்பிட்டபோது, பாதி விரித்த தோலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். பின்னாலேயே என் தோஸ்த்தும், அவள் பின்னால் இன்னும் நாலு பேரும். ரிசீவரைக் காதில் வைத்தேன்.

"அக்கா, பாஸ். எண்பத்தொண்ணு."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. என்ன சொல்ல வேண்டும் என்று தெரியாமல், எனக்குத் தெரிந்ததைக் கேட்டேன்.

"மீதி பத்தொம்பது இன்னாடி ஆச்சு? எது எது தப்பாப் போச்சு?"

"அதெல்லாம் வீட்ல சொல்றேன்க்கா. மொதல்ல நீ அழுது முடி."

சூப்பர்வைசர் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து, அவ்வளவு பேருக்கும் முன்னால், அழுது முடித்தேன்.