சயாமாவின் சாப்பாட்டு மேசை

போன வாரம் விடியும் நேரத்தில் அமெரிக்காவிலிருந்து பேத்தி தமயந்தி பேசினாள். "அப்பாயி, எங்க சயாமா போயிட்டாங்க" என்றாள். ஆசிரியையை ரங்கூனில் நாங்கள் சயாமா என்போம். அந்தச் சயாமாவின் பெயர் விட்டேக்கர். அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் வேதியியல் பேராசிரியை. இந்த ஊரில் அவர்களைத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டார் மட்டுமே. ஆகையால் நான் எழுதுகிறேன்.

மற்ற கல்லூரிகள் கறுப்பினப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திய காலத்தில், அந்தப் பிள்ளைகளுக்கென்று எழுந்த கல்லூரி அது. இன்று யாரும் சேரலாம். தமயந்திக்கு உதவித்தொகை கொடுத்துக் கூப்பிட்டது அந்தக் கல்லூரிதான். என் மகன் முருகேசனுக்குப் பிடிக்கவில்லை.

"இங்க நம்மள கலான்னு கூப்பிடுறது பத்தாதா? அங்கயும் போய் கறுப்பங்க காலேஜ்லதான் சேரணுமா?" என்றான்.

கலா என்பது இங்கே இந்திய முகத்தைப் பார்த்து எறிகிற சொல். தமயந்தி பள்ளிக்கூடத்தில் அதைக் கேட்டே வளர்ந்தாள். சயாமாவோ முதல் நாளே அவளை "மிஸ் தமயந்தி" என்று அழைத்தார்கள். வகுப்பில் எல்லோரையும் அப்படித்தான். கறுப்பினத்தவரான சயாமாவின் தாயாரை, அவருக்கு வயதான பிறகும், வெள்ளைக்காரர் வீட்டுச் சிறு பிள்ளைகள்கூட வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்களாம். "என் வகுப்பில் மரியாதை முதலில் வரும், மார்க் பின்னால் வரும்" என்பார்கள்.

மார்க் வரவில்லை. முதல் வருடமே தமயந்தி வேதியியலில் தோற்றாள். மருத்துவம் படிக்கப் போனவளுக்கு அது சின்ன அடி அல்ல. வேறு கல்லூரிக்கு மாறு, இல்லையென்றால் திரும்பி வா என்று முருகேசன் சொல்லிவிட்டான். அந்த வாரம் சயாமாவே போனில் வந்தார்கள். அவர்கள் சொன்னதைப் பக்கத்திலிருந்து தமயந்தி தமிழில் சொன்னாள். வீட்டில் மூத்தவர் யார் என்று கேட்டதும் முருகேசன் போனை என்னிடம் தள்ளினான்.

"வணக்கம், டோ மீனாட்சி" என்றார்கள். வயதான பெண்ணை பர்மாவில் எப்படி மரியாதையாக அழைப்பது என்று பேத்தியிடம் கேட்டுப் பழகியிருந்தார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். படித்தவர் வாயால் எனக்கு டோ கிடைத்தது அன்றுதான்.

முருகேசன் குறுக்கே புகுந்தான். "பெயிலானவள வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க?"

"நீங்க என்ன வேலை பாக்குறீங்க, மிஸ்டர் முருகேசன்?"

"போட்டாதாங் துறையில படகு ஓட்டுறேன். ஆளுங்கள அக்கரை கொண்டுபோய் விடுவேன்."

"நடு ஆத்துல ஒருத்தருக்குத் தலை சுத்துனா இறக்கி விட்டுடுவீங்களா?"

"அதெப்படிங்க விட முடியும்?"

"என்னாலயும் முடியாது."

முருகேசன் என்னைப் பார்த்தான். "என்னை ஏன்டா பாக்குற? அந்தம்மாவுக்குப் பதில் சொல்லு" என்றேன்.

"அதான் நானே சொல்லிட்டேனே" என்றான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சயாமா தோற்ற பிள்ளைகளைத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைப்பார்கள். மேல்வகுப்புப் பிள்ளைகள் வந்து சொல்லிக்கொடுப்பார்கள். அவர்களும் ஒரு காலத்தில் அங்கே தோற்று உட்கார்ந்தவர்களே. பாடம் விளங்கிய பிறகுதான் தட்டு வரும். "இங்கே சல்லடை கிடையாது. நீ தேறினால் அடுத்தவரையும் இழுத்துக்கொண்டு வா" என்பார்கள். அந்த மேசையிலிருந்து எழுந்தவர்கள் இன்று மருத்துவர்களாகவும் பேராசிரியர்களாகவும் இருக்கிறார்கள். தமயந்தியும் தேறினாள். பிறகு மருத்துவக் கல்லூரிக்கும் போனாள்.

சயாமாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. தம் பிள்ளைகளில் யார் மருத்துவம் முடித்தாலும் முதல் போன் அவர்களுடையது. அன்றுதான் "மிஸ்" போய் "டாக்டர்" வரும். தமயந்திக்கு அடுத்த மாதம் பட்டமளிப்பு.

"இனிமே என்னை யாரு அப்பாயி அப்படிக் கூப்பிடுவா?" என்று, சயாமா போன செய்தியைச் சொன்ன அன்று காலை கேட்டாள்.

அதற்குப் பதில் இப்போது என்னிடம் இருக்கிறது. பட்டம் வாங்கும் அன்று முதலில் தானே பேச வேண்டும் என்கிறான் முருகேசன். அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டேன். பேத்தியாயிற்றே என்று ஒருமையில் பேச மாட்டேன். "வணக்கம், டாக்டர் தமயந்தி. நல்லா இருக்கீங்களா?" என்று கேட்பேன்.

அது உங்கள் அழைப்பு, சயாமா. என் வாயால் போகும். நீங்கள் போய் வாருங்கள்.