காராமணிக் கொல்லையில் நான் பொறுக்கச் சொன்ன புழுக்கள்

"…சொன்னது நீங்க, பொறுக்கினது நானு. பாதிப் பாவம் எனக்கும் வரட்டும்ண்ணே. இப்படித் தலையக் குனிஞ்சு நின்னா செடிக்கு என்ன ஆகப்போவுது?"

ஜெரினா இதைச் சொன்னபோது, ஒரத்தநாட்டுப் பக்கம் அவருடைய காராமணிக் கொல்லையில் நின்றிருந்தோம். என் கையில் ஊறுகாய் பாட்டில். உள்ளே ஏழெட்டுப் பொறிவண்டுகள். களப்பணிக்குப் புதிதாக வருகிற நீங்கள் படிப்பீர்கள் என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் படித்து இந்த வேலைக்கு வந்தவன் இல்லை. மருந்தடிக்கிற ஸ்பிரேயர் ரிப்பேர் பார்த்தவன். மருந்து நெடியில் மூச்சிரைப்பு வந்த பிறகுதான் இயற்கைக் காய்கறிக் குழுவில் சேர்ந்தேன். கேட்டுக் கேட்டுக் கற்றதுதான் எல்லாம்.

ஜெரினாவின் கணவர் சவுதியில். மாமனார் ராவுத்தர் ஐயா அரை ஏக்கர் கொல்லையை ஒரே ஒரு சாகுபடிப் பட்டத்துக்கு மருமகளிடம் விட்டிருந்தார். "மருந்தில்லாம காய் வந்தா உன் இஷ்டம். வரலைன்னா தென்னங்கன்னு வச்சிடுவேன். அப்புறம் கொல்லையில உனக்கு வேலை இல்லம்மா." என்னைக் கண்டால், "என்ன தம்பி, பூச்சிக்கு விருந்து நல்லா நடக்குதா?" என்பார்.

கொடி பூக்கும்போது குருத்தெல்லாம் சாறு உறிஞ்சும் கருப்பு அசுவினிப் பூச்சி. வேப்பங்கொட்டைக் கரைசல் அடித்தோம். குறைந்தது, போகவில்லை. "பொறிவண்டு வந்து தின்னுடும், பொறுங்க" என்றேன். பயிற்சியில் காட்டிய படம் மனதில் இருந்தது. சிவப்பு முதுகு, கருப்புத் திட்டு.

அடுத்த வாரம் போனால் வண்டைக் காணோம். கருப்பாக, முதுகில் மஞ்சள் புள்ளியோடு, குட்டி முதலை போல ஆறுகால் புழுக்கள்.

"இது என்னண்ணே, புதுசா இருக்கு?"

எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. "இலை தின்னிப் புழு. பொறுக்கி சோப்புத் தண்ணியில போட்டுடுங்க."

அவரும் நாத்தனாரும் இரண்டு நாள் குனிந்து பொறுக்கினார்கள். கொல்லையில் ஒன்றைக்கூட விடவில்லை. வேளாண் அலுவலரிடம் காட்டலாமென்று நான் மட்டும் சிலவற்றை அசுவினிக் குருத்தோடு பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி எடுத்துப் போனேன். அவர் ஊரில் இல்லை. பாட்டில் என் வீட்டு ஜன்னலில் கிடந்தது.

முதலில் குருத்திலிருந்த அசுவினி காணாமல் போனது. பிறகு புழுக்கள் இலையில் ஒட்டிச் சுருண்டன. ஒரு வாரம் கழித்துக் காலையில் பார்க்கிறேன், உள்ளே சிவப்பு வண்டுகள். படத்தில் கண்ட அதே வண்டு. நான் கொல்லச் சொன்னது அதன் குஞ்சுகளை.

அதற்குள் அசுவினி பிஞ்சு வரை ஏறியிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்ததும் பவர் ஸ்பிரேயரோடு வரச்சொல்லி ராவுத்தர் ஐயா ஆளுக்குச் சொல்லிவிட்டார். வண்டைப் பார்த்த அன்றே பாட்டிலோடு ஜெரினாவிடம் போய், "தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்மா" என்றேன். அதற்குத்தான் அவர் பாவத்தில் பாதி கேட்டார்.

நான் கற்றது இதுதான். ஒரு புழுவைக் கொல்லச் சொல்லுமுன், அது எதைத் தின்கிறது என்று அரைமணி உட்கார்ந்து பாருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதனால் யார் வீட்டுக் கொடியும் சாகாது.

ஜெரினா பாட்டிலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போறப்ப இந்தப் புழுவ வாய்க்கா கரை எருக்குல பாத்திருக்கேன்ணே. அங்கயும் மஞ்சளா அசுவினி மொய்க்கும். கிளையோட கொண்டாந்து நம்ம கொடியில விட்டுடலாம்."

"அந்த அசுவினியும் இங்க ஏறிட்டா?"

"எருக்கு எத்தன வருஷமா அங்க நிக்குது? ஒரு தடவையாவது ஏறிச்சா?"

அவர் போனை எடுத்தார்.

"மாமா, நாளைக்கு ஆளு வரவேணாம். பத்து நாள் குடுங்க." மறுமுனையில் ஏதோ சத்தம். "அசுவினி போகலைன்னா தென்னைக்குக் குழிய நானே வெட்டுறேன் மாமா." கொஞ்சம் கேட்டுவிட்டு, "சரி மாமா, பத்தே நாளு" என்றார்.

போனை இடுப்பில் செருகி, முக்காட்டை இறுக்கிக்கொண்டு, அரிவாளோடு கரையில் ஏறினார். புழு மண்டிய எருக்கங்கிளை ஒன்றை இடது கையில் தாங்கிப் பிடித்து, ஒன்றும் உதிராமல் அறுத்து என்னிடம் நீட்டினார்.